ஆறு ஏரிகள் விடுபட்ட அறிக்கை

தன் ஆய்வகம் வெளியிட்ட அறிக்கையின் பதினேழாம் பக்கத்தைப் படித்ததும் அவளுக்குச் சுரீரென்று கோபம் தலைக்கேறியது. 'மீன்கள் இல்லாத, உயிரற்ற உச்சி ஏரிகள்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

உயிரற்றதாமே! இரண்டு கோடைகளாக மலைமேல் முப்பத்திரண்டு ஏரிகளில் மெல்லிய வலையை இழுத்து, அதில் சிக்கிய நுண்பிராணிகளை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணியவள் அவள். கழுத்து பிடித்துக்கொண்டதும் கண் எரிந்ததும் கிடக்கட்டும். மீனே விடாத அந்த ஆறு உச்சி ஏரிகளில்தான் பதினொரு வகை இருந்தன. மிளகாய் வற்றல் நிறத்தில் துடுப்புக்காலிகள், முதுகில் முட்டை சுமந்த கொழுத்த நீர்த்தெள்ளுகள். சுற்றுலாவுக்காக மீன் விட்ட ஏரிகளில் இவை மருந்துக்கும் இல்லை. பெரியவற்றையெல்லாம் மீன் தின்றுவிட, அதன் கண்ணுக்கே அகப்படாத பொடிசுகள் மூன்று நான்கு வகை மிஞ்சியிருந்தன.

பின்னிணைப்பைப் புரட்டினாள். அட்டவணையில் இருபத்தாறு ஏரிகள்தான். அந்த ஆறு ஏரிகளைக் காணோம்.

இயக்குநருக்கு ஆய்வகத்தில் 'வெண்ணெய்' என்று பெயர். எந்தக் கேள்வியும் அவர்மேல் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். அவள் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"வாம்மா, உக்காரு."

"நான் உக்கார வரல சார். ஆறு ஏரி எங்க?"

"அதுங்க கணக்கு மத்ததோட ஒட்டலம்மா. தனியா விலகி நின்னுச்சு. அதான் எடுத்துட்டோம்."

"விலகி நிக்குதுன்னா ஏன்னு பாக்கணும். தூக்கிப் போட்டுடறதா?"

"உயரம் இருக்கு, குளிர் இருக்கு, பனி எத்தனை மாசம் மூடிக் கெடக்குதுன்னு இருக்கு. எல்லாமும் சேந்துதானே..."

"எல்லாத்துக்கும் பங்கு இருக்கு, இல்லேங்கல. அளந்ததே நான்தான். ஆனா ஒரே உயரம், ஒரே ஆழம், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஏரி. ஒண்ணுல பதினொண்ணு, மீன் விட்டதுல மூணு. குளிர் என்ன ஆள் பாத்தா அடிக்குது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் அந்த ஆறுலயும் மீன்குஞ்சு விடப்போறாங்க. அனுமதிக் குழு நம்ம அறிக்கையத்தான் எதிர்பாத்துட்டு இருக்கு. இப்பப் போய் எதுக்கு வம்பு?"

அவள் அறிக்கையை அவர் மேசைமேல் அறைந்துவிட்டு வெளியே வந்தாள்.

மீன்குஞ்சு லாரியை ஓட்டுகிறவன் அவள் தம்பிதான். அன்று மாலை அவன் சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீ அங்க போகக் கூடாது."

"ஏரி சும்மாதானே அக்கா கெடக்குது?"

"சும்மா கெடக்குதா! நான் ரெண்டு வருஷம் என்னத்த எண்ணினேன், காத்தையா?"

"நான் ஓட்டலைன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான். என் மேல ஏன் பாயுற?"

அவள் தன் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். முப்பத்திரண்டு ஏரிகளின் முழு அட்டவணையையும் எடுத்து, அடியில் தன் கையெழுத்தைப் போட்டு, மறுநாள் காலை அனுமதிக் குழுவின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினாள்.

குழு கூடிப் பேசி, மீன் விடுவதை நிறுத்தச் சொல்ல ஐந்து நாள் ஆனது. லாரி அதற்குள் புறப்பட்டுவிட்டது. அனுமதி எப்படியும் வந்துவிடும் என்று மீன் விடுகிறவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தம்பி திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். "ரெண்டுல விட்டாச்சு. மூணாவதுக்குப் பாதி வழி ஏறினப்பத்தான் போன் வந்துச்சு. திரும்பிட்டோம். நாலு தப்பிச்சுதேக்கா."

"அந்த ரெண்டுல இருந்ததுக்கு இத நீயே போய்ச் சொல்லு" என்றாள். வாரக்கணக்கில் அவனோடு பேசவில்லை.

இயக்குநர் அவளைக் கண்ணாடிக் குப்பிகள் கழுவும் பிரிவுக்கு மாற்றுவதாக வாயால் சொல்லி அனுப்பினார். அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"காரணத்தோட எழுத்துல குடுங்க சார். அதுவரைக்கும் என் நாற்காலிய விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்."

அவர் வேறொரு கோப்பை இழுத்துப் புரட்டினார். எழுத்தில் எதுவும் தரவில்லை. அவள் திரும்பிப் போய் மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போட்டாள். கண்ணில் நீர் முட்டி, முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே எண்ண ஆரம்பித்தாள்.