கதவின்மேல் விழுந்த பழி

தையல்காரியின் நாத்தனார் வந்ததும் வராததுமாகத் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. படுக்கையறை வாசலில் நின்று கதவைத்தான் பார்த்தாள். அது சுவரோடு சுவராகத் திறந்துகிடந்தது. வந்துபோகிறவர்களுக்கு வழி வேண்டுமென்று யாரோ ஒரு நாற்காலியை அதன்மேல் அணைத்துப் போட்டிருந்தார்கள்.

"இந்தச் சனியனா?" என்று கேட்டாள்.

தையல்காரி ஆமாம் என்று தலையசைத்தாள். உள்ளே கட்டிலில் அவள் கணவர் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்.

காலையிலிருந்து டாக்டர், எதிர்வீட்டார், மகன் என்று வந்தவர்களுக்கெல்லாம் அதே கதையைத்தான் சொன்னாள். உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, ஓடினேன், கதவு இறுகிக்கொண்டது, தள்ளித் தள்ளிப் பார்த்தேன், திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லச் சொல்லக் கதை நன்றாகப் படிந்துவிட்டது. கடைசியாக வந்தவரிடம் தோள்பட்டை வலிக்கிறது என்றுகூடச் சொன்னாள். மாரடைப்பு, கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் கதவைத்தான் பார்த்தார்கள்.

யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், அந்தக் கதவின் புகழ் அப்படி. அலுவலகத்தில் பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத மனிதர், ஓய்வு பெற்ற மறுமாதமே செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டைப் பழுதுபார்க்கக் கிளம்பிவிட்டார். சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார், அது கொட்ட ஆரம்பித்தது. அவர் அடித்த அலமாரியில் டப்பாக்களை வைத்தால் தாமாகவே ஓரத்துக்கு நகர்ந்து வரும். கூடத்தில் மின்விசிறி சுவிட்சைத் தட்டினால் சமையலறையில் விளக்கு எரிந்தது. நூல் பிசகாமல் துணி வெட்டிப் பழகிய தையல்காரிக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு படுக்கையறைக் கதவு தரையில் இழுக்கத் தொடங்கியது. கீழேதானே இழுக்கிறது என்று அவர் கீழேயே இழைத்துக்கொண்டிருந்தார். இழைக்க இழைக்க அது இன்னும் இழுத்தது. போன மாதம் மகன் உள்ளே மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கத்தி ஆள் கூப்பிட்டான். அன்று மூண்ட சண்டையில் தையல்காரி தன் பாயைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதன்பின் அவரோடு முகம் கொடுத்துப் பேசவேயில்லை.

இன்று காலை நடந்தது வேறு. அறைக்குள் தட்டல் ஓய்ந்து, பிறகு 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் கூடத்தில் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். எதையோ தள்ளிவிட்டார், விழட்டும், போய் நின்றால் நான் தோற்றது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். மெஷினை நிறுத்தவில்லை. இரண்டு கையும் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். கதவு பாதி திறந்தே இருந்தது. அதைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் தரையில் குப்புறக் கிடந்தார்.

"ஒரு தச்சனைக் கூப்பிட உனக்கு மனசு வரல. என் தம்பியக் கொன்னுட்டே," என்றாள் நாத்தனார். கூடத்தில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தையல்காரி விடவில்லை. "அவருக்கு டிரில்லிங் மிஷின் வாங்கிக் குடுத்து ஏத்திவிட்டது யாரு அண்ணி? நானா?"

நாத்தனார், வாயில்லாத பிள்ளையை ஆட்டிப் படைத்தாள் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பித்தாள். இவளும் சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று சொன்னாள். கட்டிலில் கிடந்தவரைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைவில்லை.

மகன் அப்பாவின் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. இந்தக் கதவு வழியா நான் அப்பாவ வெளிய கொண்டு போக மாட்டேன். வண்டி வர்றதுக்குள்ள கழட்டி வீசிடறேன்."

"கழட்டு," என்றாள் தையல்காரி. பெட்டியைக் கிளறி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளே நீட்டினாள். கதவு போய்விட்டால் பேச்சும் போய்விடும் என்று தோன்றியது. செத்தபிறகும் அவர் தலையிலேயே பழியைக் கட்டுகிறோமே என்று நெஞ்சில் சுருக்கென்றது. நீட்டிய கையை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டான். கீல் பக்கம் வேலை செய்யக் கதவைப் பாதி சாத்தியாக வேண்டும். அதன் குணம் தெரிந்தவன் என்பதால் விளிம்பைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தான். கதவு வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் தடுமாறி நிலைச்சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

மறுபடி திறந்தான். சாத்தினான். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். எங்கேயும் இழுக்கவில்லை, ஒரு முனகல்கூட இல்லை.

நாற்காலியில் ஏறி மேல்கீலைப் பார்த்தான். ஸ்க்ரூக்கள் புதிதாக இறுகியிருந்தன. தளர்ந்துபோன ஓட்டைகளில் தீக்குச்சிகளைப் பசை தடவி அடைத்து, அதன்மேல் முறுக்கியிருந்தது. கோளாறு கீழே இல்லை, மேலே என்று அந்த மனிதர் கடைசியில் கண்டுபிடித்துவிட்டிருந்தார். அவர் கையால் உருப்படியாக முடிந்த வேலை அது ஒன்றுதான்.

"நல்லாத்தானேம்மா திறக்குது," என்றான் மகன்.

தையல்காரி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து கோவையாக வந்துகொண்டிருந்த கதை வரவில்லை.

அவன் நாற்காலியிலிருந்து இறங்கினான். "சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னியே. அப்ப என்ன பண்ணிட்டிருந்தே?"

"தைச்சிட்டிருந்தேன்," என்றாள்.

அவன் ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் வைத்தான். அத்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே நாத்தனார் அழத் தொடங்கினாள்.

ஒரு விரலால் தொட்டால் திறந்துகொள்ளும். தையல்காரி இரண்டு கைகளையும் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வெளியே நின்றாள்.