எதிர்வரிசை

ஈர மணலும் காய்ந்த மணலும் கூடுகிற கோட்டிலிருந்து நான்கு முழம் தள்ளியே ஸ்ரீனிவாசராகவன் செருப்பைக் கழற்றி வைத்தார். நாளும் கிழமையும் பாராமல் கடலைத் தொடலாகாது என்பது அவர் குடும்பத்தில் வழிவழி வந்த நியமம். அமாவாசை போன்ற பருவ நாளில் மந்திரம் சொல்லி நீராடலாம். மற்ற நாள்களில் கரையில் நின்று கைகூப்பலாம், அவ்வளவே. செங்கல்பட்டிலிருந்து வாடகைக் காரில் உடன் வந்திறங்கிய மூவரும் அவருக்கு முன்னால் சமுக்காளத்தை விரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ரங்கநாயகி. இறந்துபோன தம்பியின் மனைவி மதுவந்தி. மதுவந்தியின் ஒன்பது வயது மகள் மானசா.

“ஏன்னா, இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்கோ. ஒங்க மேல தெரியாம பட்டுட்டு, கடல் பிராயச்சித்தத்துக்கு அலையப் போறது,” என்றாள் ரங்கநாயகி, புளியோதரைத் தூக்கைத் திறந்தபடி.

மதுவந்தி சிரித்தாள். இந்தக் கரையில் அவள் சிரிப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வருவதென்று முடிவு செய்தவளும் அவளே. கோடை விடுமுறைக்கு மானசாவின் பள்ளித் தோழிகள் எல்லாரும் கடற்கரைக்குப் போகிறார்கள், இவள் மட்டும் கடல் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அச்சத்தை வளர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

மாலை நான்கு மணிக்கும் அக்கினி வெயில் தணியவில்லை. சென்னையிலிருந்து வந்த கூட்டம் மாமல்லபுரத்துக் கரையை நிறைத்திருந்தது. மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தைகள், பலூன் சுடும் துப்பாக்கிகள், அலைக்கு முதுகு காட்டிச் செல்போனை உயரப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞர்கள். வடக்கே கடற்கரைக் கோயிலின் விமானங்கள் வெயிற்புழுதியில் மங்கித் தெரிந்தன. சூரியன் முதுகுப்புறம் இருந்ததால் கரையில் நின்ற எல்லாருடைய நிழல்களும் கடலை நோக்கி நீண்டு கிடந்தன. ஸ்ரீனிவாசராகவன் குனிந்து பார்த்தார். அவர் கால் தொடாத நீரை அவருடைய நிழலின் தலை தொட்டுக்கொண்டிருந்தது.

குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தேவசகாயம் அவரைக் கண்டு அருகில் வந்தார். இரண்டு கோடைகளுக்கு முன், தம்பியைத் தேடப் போன மூன்று படகுகளில் ஒன்றைச் செலுத்தியவர்.

“நல்லா கீறீங்களா சாமி? பாப்பா வளந்துட்ச்சே. தெக்கால மட்டும் வுடாதீங்க. பள்ளம் கீது, கால வச்சா இஸ்துக்கும்.”

“பார்த்துக்கறோம்ப்பா.”

“அது சரி, போன மாசம்லாம் வந்துகினு இருந்தீங்களே, இன்னாத்துக்கு என்னாண்ட பேசாத பூட்டீங்க?”

“நான் வரலையே. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வரேன்.”

“சொம்மா சொல்லாதீங்க. ஆளத் தெர்ல, கொரலு கேட்டுச்சே. அன்னிக்கு நீங்க பாடுன அதே பாட்டுதான். ஒரு வரி சொல்றது, அப்பால நிக்கிறது. எங்க வூட்டுக்காரி கூட, இன்னாய்யா, சாமி மீதிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டாரான்னு கேட்டா.” தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்துக்கொண்டு, குடை கேட்டு அழைத்த ஒரு கூட்டத்தை நோக்கி நடந்தார் தேவசகாயம்.

ஸ்ரீனிவாசராகவன் அலைகளின் பக்கம் திரும்பினார்.

கோயிலில் பாசுரம் சேவிக்கும்போது கோஷ்டி இரு வரிசையாக எதிரெதிரே அமரும். முன்னடியை ஒரு வரிசை சொல்லி நிறுத்தும். அந்த இடைவெளியில் பின்னடியை எதிர்வரிசை ஏற்கும். ஏழு வயதிலிருந்து அவர் முன்னடி. எதிரே தம்பி ஜெயகிருஷ்ணன் பின்னடி. வளர்ந்து, ஒருவர் பள்ளியிலும் மற்றவர் வங்கியிலும் வேலைக்குப் போன பிறகும் அது மாறவில்லை. அந்தக் கோடையில் தம்பி, நியமத்தைப் பாராமல், மார்பளவு நீரில் நின்றான். இவர் இதே கோட்டுக்கு இப்பால் நின்றார். விளையாட்டாகத் தொடங்கியதுதான். பதினொரு பாசுரங்கள் கொண்ட ஒரு பதிகம், முன்னடி கரையிலிருந்தும் பின்னடி நீரிலிருந்தும் மாறி மாறி எழுந்தது. எட்டாம் பாசுரத்தின் முன்னடியை அவர் சொல்லி நிறுத்தினார். பின்னடி வரவில்லை. மறந்துவிட்டான் என்று எண்ணி, ஏளனம் செய்யச் சொற்களைத் தேர்ந்தபடி, இடைவெளி முடிந்து இன்னோர் இடைவெளி முடியும்வரை புன்னகையோடு நின்றார்.

உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையால் உருச்செய்து எரித்தார்கள். அதன்பின் கோயிலில் எட்டாம் பாசுரம் வரும்போதெல்லாம் அவர் உதடுகள் அசையும், ஒலி எழாது. எவரிடமும் சொன்னதில்லை. பாதியில் நிற்கும் அந்தப் பாசுரத்தை இங்கேயே, இரண்டு அடியையும் தாமே சொல்லி முடித்துத் தம்பியை விடைகொடுத்து அனுப்ப வேண்டும் என்பதற்காகவே அவர் இன்று வர ஒப்பினார்.

கண்களை மூடிக் கைகூப்பினார். முன்னடியைச் சொன்னார். இரண்டாண்டுகளுக்குப் பின்னும் குரல் பிசகவில்லை. ஆனால் முன்னடி முடிந்ததும், ஐம்பது ஆண்டுப் பழக்கம், குரல் தானே நின்று இடைவெளி விட்டது. தவறு செய்துவிட்டோம் என்று அவர் உணர்வதற்குள் ஓர் அலை பின்வாங்கியது. மாங்காய் விற்பவனின் கூவல், குதிரையின் மணி, எல்லாம் ஒருகணம் எட்டப் போயின.

தெற்கிலிருந்து பின்னடி வந்தது.

இறுதிச் சீருக்கு முன் மூச்சை நூலளவு பிடித்து விடுகிற அந்தப் பழக்கத்தோடு வந்தது. அந்தக் குறையைத் தகப்பனார் எத்தனையோ முறை கண்டித்தும் ஜெயகிருஷ்ணனால் திருத்திக்கொள்ள முடிந்ததில்லை.

பாசுரம் முடிந்தது. வந்த காரியமும் முடிந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கண்ணீர் வழிய, நெஞ்சு நிறைய, அவர் ஒன்பதாம் பாசுரத்தின் முன்னடியை எடுத்தார். பின்னடி சற்று அருகிலிருந்து வந்தது. பத்தாவதை எடுத்தார். அதன் பின்னடி இன்னும் அருகில், கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடலாம் போல ஒலித்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

தெற்கே, மற்றப் பிள்ளைகள் குதித்தாடும் இடத்துக்கும் அப்பால், மானசா இடுப்பளவு நீரில் தனியே நின்றாள். கரைக்கு முதுகு காட்டி, கூர்ந்து கேட்பவள்போலத் தலையைச் சாய்த்து நின்றாள். அலை வந்தபோது அவள் உடல் ஆடவில்லை. யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நிலைத்திருந்தது. கடலுக்கு அஞ்சிய அந்தக் குழந்தை ஒவ்வொரு பின்னடிக்கும் ஓரடியாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போது விளங்கியது.

பதினொன்றாம் பாசுரத்தின் முதற்சொல் நாவில் வந்து நின்றது. தொடங்கிய பதிகத்தை நடுவில் விடுவது அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்று. நாவைக் கடித்துக்கொண்டார். உதிரம் உப்புக் கரித்தது. ஓடினார். கோட்டைக் கடந்து, வேட்டி நனைய, நாளல்லா நாளில் கடலுக்குள் இறங்கினார். அவர் பாதத்தின் கீழ் மணல் சரிந்து பள்ளமாகிக்கொண்டிருந்த இடத்தில் குழந்தையின் கையைப் பற்றினார். நீர் அந்தக் கையைக் கொடுக்கத் தயங்கியது. பிறகு கொடுத்தது.

“ஏன் பெரியப்பா நிறுத்திட்டேள்?” என்றாள் மானசா. அவள் குரலில் அச்சமே இல்லை. “இன்னும் ஒண்ணுதானே பாக்கி? அப்பா காத்துண்டிருக்கார்.”

மதுவந்தி ஓடிவந்து மகளை அள்ளிக்கொண்டாள். ரங்கநாயகி கணவரின் நனைந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்காத தயிர்சாதப் பொட்டலங்களோடு அவர்கள் காரில் ஏறினார்கள்.

திருக்கழுக்குன்றம் கடந்து, வேப்பமரங்களும் வேர்க்கடலைக் கொல்லைகளும் பின்னோக்கி ஓட, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றில் கார் போனது. கடல் முதுகுக்குப் பின்னால் பத்து மைல் தொலைவில் இருந்தது. மதுவந்தி மடியில் தலையும் பெரியப்பா மடியில் கையுமாக மானசா உறங்கினாள். ஸ்ரீனிவாசராகவனின் வேட்டியில் உப்பு உலர்ந்து மொடமொடத்தது.

அப்போது முன்னடி கேட்டது.

அவர் சொல்லவில்லை. பதினொன்றாம் பாசுரத்தின் முன்னடி, இறுதிச் சீருக்கு முன் மூச்சைப் பிடித்து விட்டு, நிதானமாக முடிந்தது. ஓட்டுநர் திரும்பவில்லை. ரங்கநாயகியும் மதுவந்தியும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவெளி தொடங்கியது. அவர் பற்களை இறுகக் கடித்துக்கொண்டார்.

அவர் மணிக்கட்டின்மேல் கிடந்த சிறுவிரல் ஒன்று மட்டும், உறக்கத்திலேயே, ஒன்று, இரண்டு, மூன்று என்று காலம் எண்ணியது. எண்ணிக்கை நிறையும் இடத்தில் மானசாவின் இதழ்கள் மெல்லப் பிரிந்தன.