பாடு தள்ளிய திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் தினகரன் பாயில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் கேம்புக்கு வரும் பத்துப் பெண்களின் சம்மதக் கடிதங்களை அடுக்கி கிளிப் போடுவதிலேயே மூழ்கியிருந்தேன். எட்டு மணிக்குத்தான் உறைத்தது.

"இன்னா, இன்னிக்கு நம்ம பாடுதானே? ஏரிக்குப் போகாம தூங்கினு கீற?"

"இன்னிக்கு எங்க? நாளைக்குத்தான். சாவு விழுந்துச்சுல்ல, ஒரு நாள் தள்ளிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

"அடப்பாவி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில். ஏரியில் இறால் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான் என்பதால், ஊரை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் மூன்று நாளைக்கு ஒருமுறை வலை போடும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு வரும் நாளில் வீட்டில் ஒருத்தரும் சும்மா உட்கார முடியாது. ஆண்கள் விடியலில் வலை போட்டு ஒன்பது மணி சுமாருக்குக் கரைக்கு வருவார்கள். வியாபாரியின் வண்டி வருவதற்குள் பெண்கள் இறாலைப் பொறுக்கி, பெருசு சிறுசு பிரித்து, ஐஸ் போட்டு வைக்க வேண்டும். பெண்கள் என்றால் பெண் பிள்ளைகளும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் தெரிந்துதான் கேம்புக்குத் தேதி குறித்தேன். எங்கள் கூட்டத்துக்கு ஞாயிறு பாடு, அடுத்தது புதன். நடுவில் திங்களும் செவ்வாயும் சும்மா. திங்கள் காலை போய், ஒரு ராத்திரி தங்கி, செவ்வாய் சாயங்காலம் திரும்பிவிடலாம். "பஞ்சாங்கம் பாக்கறவன்கூட இப்படி நாள் குறிச்சிருக்க மாட்டான்" என்று அமீனா டீச்சரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு நாகம்மாளின் மாமனார் போய்ச் சேர்ந்தார். சாவு விழுந்தால் மறுநாள் ஊரில் யாரும் வலை போடுவதில்லை, எல்லாப் பாடும் ஒரு நாள் தள்ளிப்போகும். நானும் அந்த வீட்டுக்குப் போனேன், மாரில் அடித்துக்கொண்டு அழுதேன், வந்து குளித்தேன். பாடு தள்ளும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கேம்ப் என்றால் சும்மா விளையாட்டு இல்லை. பழவேற்காட்டில் இருக்கும் அமீனா டீச்சர் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கோடை விடுமுறையில் பெண் பிள்ளைகளுக்கு நடத்துவது. பத்து நாள் பகல் கேம்ப் எங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் முடிந்திருந்தது. கடைசியாக ஒரு ராத்திரி மட்டும் ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்க வேண்டும். அங்கே குளம் இருக்கிறது, நீச்சல் சொல்லிக் கொடுப்பார்கள். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் பெண்களில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊர்ப் பெண் ஒருத்தி கூடப் போக வேண்டும் என்று பஞ்சாயத்தில் சொன்னதால் நான் போவதாக ஏற்பாடு. பையில் நைட்டி கூட எடுத்து வைத்துவிட்டேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்ததைத் தவிர இந்த ஊரை விட்டு ஒரு ராத்திரி நான் வெளியே தூங்கியதில்லை.

அமீனாவுக்குப் போன் போட்டேன்.

"ஹேமாக்கா, புதன்கிழமைல இருந்து அந்த எடத்த வேற கேம்புக்குக் குடுத்துட்டாங்க. தேதி மாத்த முடியாது. பத்துப் பேரு இல்லன்னா வேன் வேற ஊருக்குப் போயிடும். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, ப்ளீஸ்."

பத்தில் ஆறு பெண்கள் எங்கள் கூட்டத்து வீட்டுப் பிள்ளைகள். செய்தி எனக்கு முன்னாலேயே ஓடியிருந்தது. நான் வாசலில் செருப்பைத் தேடும்போதே இரண்டு அம்மாக்கள் வந்து, "நாளைக்குப் பாடு ஹேமா, கொழந்த வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் இளங்கோவன் வீட்டுக்குப் போனேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எங்க பாட்ட மூணாவது கூட்டத்துக்கு மாத்தி உடுண்ணே. அவங்க பாட்டுல நாங்க போய்க்கிறோம்."

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "சாவுக்குத் தள்ளுவோம். திருவிழாவுக்குத் தள்ளுவோம். பொம்பளப் புள்ளைங்க டூர் போறதுக்கெல்லாம் எவனாவது பாட்ட மாத்துவானா? கேட்டா சிரிப்பாங்கம்மா."

"டூர் இல்லண்ணே. நீச்சல் கத்துக்க."

"கத்துக்கினு? போட்ல ஏறப் போதுங்களா?"

செத்தவருக்கு ஒரு நாள் விட்டுக் கொடுக்கிற ஊர், உயிரோடு இருக்கிற பத்துப் பெண்களுக்கு விட்டுக் கொடுக்காதா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் கேம்பே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

ஜெயம்மா அக்காவைப் பிடித்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். எங்கள் கூட்டத்துப் பெண்களுக்கு அவள் சொல்தான் சட்டம். அவள் மகள் சுபஸ்ரீ பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு, நான் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு நாளு. நீங்க பெரியவங்க பொறுக்கினா ஆகாதா? இந்தச் சின்னக் கை இல்லாம எறா நாறிப் போயிடுமா?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. பெண் பிள்ளையை வேலைக்காரி மாதிரி வைத்திருக்கிறீர்கள், லீவு என்பது பையன்களுக்கு மட்டும்தானா, நாளைக்கு இவள் ஏரியில் விழுந்தால் இறால் வந்து தூக்குமா என்று தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் வேகம் வந்தது.

ஜெயம்மா கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த சம்மதக் கடிதங்களைக் காட்டி, "அந்தக் காய்தத்தக் குடு" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சுபஸ்ரீயிடம் கொடுத்து, "பேர வாசி" என்றாள்.

சுபஸ்ரீ பத்துப் பேரையும் வாசித்தாள்.

"இதுல உன் பொண்ணு அர்ச்சனா பேரு எங்க?"

"அவ எப்டிக்கா வருவா? நானும் போயிட்டா, வீட்டுல யாரு சோறாக்கறது, யாரு..."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடித்தான் என்ன, பாதி வார்த்தை வெளியே வந்துவிட்டதே.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயம்மா சிரிக்கவில்லை. "உன் பொண்ண அனுப்பு. நாங்க ஆறு பேரும் அனுப்பறோம். இல்லன்னா ஊரக் கூட்டி நாயம் பேசாத."

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க ஜெயம்மாவைத் திட்டிக்கொண்டே நடந்தேன். என்ன திமிர், என்ன வாய்! வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏய் அர்ச்சனா, துணி எடுத்து வையி, நாளைக்கு நீயும் கேம்புக்கு வர்ற" என்றேன்.

அவளுக்குப் பதினாலு வயது. அடுப்படியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"நான் வரல."

"இன்னாடி? ஊரே உன்னாலதான் நிக்குது."

"அதான் வரல. மொத நாளே நானும் வரட்டுமான்னு கேட்டேன். சுண்டல் யாரு வேவிப்பான்னு சொன்ன. பத்து நாளும் வேவிச்சு எடுத்தாந்து வெளிய நின்னேன். உள்ள வந்து உக்காருன்னு ஒரு வாட்டி சொன்னியா? இப்ப என்னக் காட்டி அவங்கள இழுக்கணும், அதுக்கு நான் வேணும். போம்மா."

அவள் கேட்டது எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பத்து நாளும் சுண்டல் நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னபோது, "என் பொண்ணு கைப்பக்குவம்" என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுப்படியிலேயே உட்கார்ந்தேன். அவள் கையிலிருந்த புளியை வாங்கி நானே கரைத்தேன்.

"சரி. யாருக்காகவும் வேணாம். உனக்கு வரணுமா, வேணாமா?"

கையைக் கழுவித் துடைத்தாள். பிறகு, "வரணும்" என்றாள். "ஆனா நீயும் நானும் போயிட்டா நைனா தனியா எப்டிமா? நாளைக்குப் பாடு."

"நான் போகல. நீ போற."

இதைச் சொல்ல எனக்கு மனசே இல்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை, வயிறு எரிந்தது. ஆறு மாதமாக அலைந்து திரிந்து நான் கொண்டுவந்த கேம்ப். அந்த ஒரு ராத்திரி என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

திரும்பவும் ஜெயம்மா வீட்டுக்குப் போய், "என் பொண்ணு போறா. என் எடத்துல நீ கூடப் போக்கா. உன் வீட்டு எறாவையும் சேத்து நானே பொறுக்கறேன்" என்றேன். ஆடிப்போனாள். நானா, எனக்கு என்ன தெரியும், பஸ்ஸில் வாந்தி வரும் என்று ஆயிரம் சொன்னாள். சுபஸ்ரீ அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அங்க தலகாணி குடுப்பாங்களா, நாமளே எடுத்துனு போணுமா?" என்று கேட்டாள்.

திங்கள் காலை எட்டரைக்கு வேன் வந்தது. பதினோரு பெண்கள் ஏறினார்கள். ஜெயம்மா கல்யாணப் பட்டுப்புடவையில், மடியில் எலுமிச்சம்பழத்தோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அர்ச்சனா ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி அவள் ஜடையைப் பிடித்து இழுக்க, திரும்பிச் சிரித்துக்கொண்டு அப்படியே மறந்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

ஒன்பது மணிக்கு வலை கரைக்கு வந்தது. பார்த்துப் பார்த்து அன்றைக்கென்று அப்படி ஒரு இறால்! இரண்டு வீட்டுக் குவியலுக்கும் நடுவில் நான் ஒருத்தியாகக் குந்தினேன். கால் மணி நேரத்தில் இறால் முள் குத்தி விரலெல்லாம் ரத்தம். வெயில் ஏறியது. வியாபாரியின் வண்டி ரோட்டுத் திருப்பத்தில் ஹார்ன் அடித்தது. ஐஸ் போட்டாக வேண்டும். வீட்டுக்குள் ஓடிப் போய்ப் பின்கட்டில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பெட்டியும் இல்லை, ஐஸ் உடைக்கிற கட்டையும் இல்லை, தராசும் இல்லை. என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"யோவ், ஐஸ் பொட்டி எங்கய்யா?" என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

வலையை உதறிக்கொண்டிருந்த தினகரன் தலையைக்கூடத் தூக்காமல், "அர்ச்சனாவக் கேளு" என்றார்.