குதிரைத் தொழுவத்து நிறம்

"உனக்கு எது பிடிக்கும்?"

ஒசியெக் நகரத்தில் ஓர் ஆசிரியை யெல்காவிடம் ஒருமுறை இப்படிக் கேட்டாள். அந்த அம்மாள் வீட்டு ஓக் மரத்தரையை உப்புத்தாள் போட்டு இழைத்து முடித்துவிட்டு, தேன் நிறம், சாம்பல் நிறம், வால்நட் நிறம் என்று வகைவகையான சாயங்களை மூலையில் கையகலத்துக்குப் பூசிக் காட்டிக்கொண்டிருந்தாள் யெல்கா. "உங்களுக்கு எது பிடிக்குதோ அதுதாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்துபோயிற்று. ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் நிறம் ஏற்றுகிறவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஜாக்கோவோவுக்குப் பக்கத்தில், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற வியெரான் கட்டிய புது வீட்டில், பெரிய அறையின் தரை வெறும் மரமாகக் கிடந்தது. திராட்சை பறிப்பு முடிந்ததும் கல்யாணம்.

பலகைகள் வியெரானின் அப்பா ஸ்தீபானின் பரிசு. புயலில் சாய்ந்த ஓக் ஒன்றை வாங்கி, அறுத்து, பல வருஷம் அடுக்கி உலர்த்தி வைத்திருந்தார். "இந்த மாதிரி மரம் மாவட்டத்துலயே கிடையாது" என்று சந்தைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. வியெரான் அடுக்கில் இருந்த வரிசைப்படியே எடுத்து வந்து, விசில் அடித்துக்கொண்டே பதித்தான். யெல்கா இழைத்தாள். தூசு அடங்கியதும், மரத்தின் இழை எழும்ப ஈரத்துணியால் தரை முழுவதும் துடைத்தாள்.

துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிர் வைக்கோல் நிறம். நடுவில் மட்டும், கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குக் கரும்பழுப்பு.

வியெரான் கூப்பிட, எல்லோரும் வந்து பார்த்தார்கள். வியெரானின் அம்மா காத்தா இடுப்பில் கை வைத்தாள்.

"என்னடி இது, நடு வீட்டுல ஆறு ஓடுது?"

"ஈரம் காஞ்சா போயிடும்" என்றார் ஸ்தீபான்.

"போகாது மாமா" என்றாள் யெல்கா மெல்ல. "மரத்துக்குள்ள இறங்கியிருக்கு. இந்தப் பலகையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

"எங்கயா? கொட்டகையில இடம் பத்தல. மிச்சத்தத் தொழுவத்துல, நம்ம குதிரை பெர்லாவுக்குப் பின்னால சுவரோரம் வச்சேன். அதுக்கென்ன இப்போ?"

வியெரான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். யெல்கா விளக்கினாள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் நெடி ஓக் மரத்துத் துவர்ப்போடு சேர்ந்தால் மரம் கறுக்கும்.

"என் குதிரைங்க மேல பழி போடாதம்மா. பெர்லா பால் வெள்ளை. வெள்ளைக் குதிரை மரத்தைக் கறுப்பாக்குமா?"

"உடம்பு வெள்ளைதான்யா. அது விடுறது என்ன பன்னீரா?" என்றாள் காத்தா.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தீபான் சிரிக்கவில்லை. குனிந்து பழுப்புப் பலகையைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவருடைய பெரிய மீசை தொங்கிப்போனது போல இருந்தது.

"பிடுங்கிப் போட்டுடுங்க" என்றார். "கடையில புதுசு வாங்கித் தரேன். என் மரம்னு வெளியில சொல்ல வேணாம்."

"எதுக்குப் பிடுங்கணும்? வால்நட் சாயத்த ஊத்தினா எல்லாம் ஒண்ணாயிடும். எங்க அக்கா வீட்டுல அதான். தூசியே தெரியாது" என்றாள் காத்தா.

யெல்கா வால்நட் சாய டப்பாவைத் திறந்து, வெளிர் பலகையும் பழுப்புப் பலகையும் சேரும் இடத்தில் கொஞ்சம் சாயம் தடவித் துடைத்தாள். வெளிர் பழுப்பானது. பழுப்பு கரியானது. ஆறு அப்படியேதான் ஓடியது.

"பாத்தியா? பிடுங்கிடுங்க" என்று ஸ்தீபான் கதவை நோக்கித் திரும்பினார்.

யெல்கா மண்டியிட்டபடியே இருந்தாள். ஜன்னல் வெளிச்சம் பழுப்புப் பலகைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக் கவிழ்த்தால் அடிப்பக்கம் இருக்குமே, அந்த நிறம். எந்த டப்பாவிலும் அவள் பார்த்ததில்லை. 

"எனக்கு இந்த நிறம் வேணும்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். வியெரான் அவளையே பார்த்தான்.

"எது?"

"இதுதான். ரூம் முழுக்க."

"குதிரை மூத்திர நிறமா!" என்று காத்தா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஸ்தீபான் திரும்பிப் பார்க்கவில்லை. "கிழவன் மனசு கோணக்கூடாதுன்னு சொல்றே. நல்ல பொண்ணு. ஆனா வேணாம்." பூட்ஸ் சத்தம் முற்றத்தைக் கடந்து போனது.

பலகையைப் பெயர்க்கும் கடப்பாரையை அன்றைக்கே அனுப்பி வைத்தார். யெல்கா அதை வாசலில் சாய்த்துவிட்டு, நகரத்துக்குப் போய், தொழுவத்தில் கிளம்புகிற அதே நெடியுள்ள அம்மோனியா வாங்கி வந்தாள். சாயக்கறையை முதலில் இழைத்து எடுத்தாள். பிறகு ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முகமூடி மாட்டி, அதைத் தட்டுகளில் ஊற்றி அறை முழுக்கப் பரப்பி வைத்தாள். கடைசித் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்து கதவைச் சாத்தி, இடுக்கை அடைத்தாள்.

எவ்வளவு அடைத்தும் நெடி கசிந்தது. தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் வியெரான், மாப்பிள்ளை வீட்டுல குதிரையக் குடி வச்சிருக்கீங்களா?"

"பெர்லாவத்தான். வாடகை சரியாக் கொடுக்குது!" என்றான் வியெரான்.

நெடி ஏறிவிடும் என்று கல்யாண உடுப்பை வாரிக்கொண்டு காத்தா தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தரை சரியாக வந்தால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் ஒவ்வொரு நாளும் குலென் தொத்திறைச்சித் துண்டும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னல் தாளில் முகத்தை ஒட்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஸ்தீபான் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு நெடி முழுவதும் போன பிறகு உள்ளே போனார்கள். காத்தாவின் முகம் சுருங்கியது. "அடுப்புச் சாம்பலக் கொட்டின மாதிரியில்ல இருக்கு!"

தரை மங்கலாக, உயிரில்லாமல் கிடந்தது.  எண்ணெய் படும்வரை இப்படித்தான் இருக்கும் என்று யெல்காவுக்குத் தெரியும். தெரிந்தாலும் பயம் போகவில்லை. இது வராவிட்டால் வாசலில் கடப்பாரை காத்திருக்கிறது.

மெருகெண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, துணியால் மர இழையோட்டத்தோடு இழுத்தாள்.

துணி போன வழியெல்லாம் நிறம் எழுந்தது. சாம்பலைத் தள்ளிக்கொண்டு பழுப்பு மேலே வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவள் ஊற்றினாள், இழுத்தாள், ஊற்றினாள். "அம்மாடி!" என்றாள் காத்தா. ஆறும் இல்லை, கரையும் இல்லை. அங்கங்கே பலகை ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு வெளிர்க் கீற்றுகள்.

"மிச்ச எண்ணெய ஒட்டத் தொடச்சிடணும், இல்லன்னா பிசுபிசுக்கும்" என்று யெல்கா சொல்லி முடிப்பதற்குள், வியெரான் காலுறைக்கடியில் துணியைப் போட்டுக்கொண்டு வழுக்கத் தொடங்கினான். வானொலியில் அந்த ஊர்க்காரர்கள் ஆட்டத்துக்கு மீட்டுகிற தம்புரா வாத்தியங்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவன் யெல்காவின் கையைப் பிடித்தான். அவள் காத்தாவின் கையைப் பிடித்தாள். மூன்று பேரும் காலடியில் துணியோடு வட்டமாக ஆடி, மூலை மூலையாகத் தரையைத் துடைத்தார்கள்.

"அத்தை, ஓரத்துல! ஓரத்துல எண்ணெய் நிக்குது!"

"என் இடுப்பு போச்சுடி! இருந்தாலும் சுத்துடி!"

துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும் என்று யெல்கா எல்லாவற்றையும் வேலியில் விரித்துப் போட்டாள். திரும்பி வந்தபோது வாசலில் ஸ்தீபான் நின்றிருந்தார். கையில் கடப்பாரை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பெயர்த்தாத்தான் புதுசு போட முடியும்" என்றார், தரையைப் பார்க்காமலே. பிறகு பார்த்தார்.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். பூட்ஸைக் கழற்றினார். தரை காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. எந்த வீட்டிலும் அவள் யாரையும் விட்டதில்லை. இன்று தடுக்கவில்லை.

அவர் கதவிலிருந்து ஜன்னல்வரை நடந்தார். திரும்பி நடந்தார். குறுக்கே நடந்தார். குனிந்து தேடினார்.

"ஆறு எங்கன்னு கண்டுபிடிய்யா பாப்போம்!" என்றாள் காத்தா.

"மாமா, உங்களுக்காகச் செய்யல" என்றாள் யெல்கா. குரல் நடுங்கவில்லை. "எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான்."

ஸ்தீபான் மண்டியிட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.  எழுந்தபோது அவருடைய மீசை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யெல்காவின் தலையில் எண்ணெய்க் கையை ஒருமுறை வைத்து எடுத்தார். பூட்ஸை மாட்டிக்கொள்ள மறந்து, காலுறையோடு வாசலில் இறங்கி, பெர்லா நிற்கும் தொழுவத்தைப் பார்த்து நடந்தார்.