பச்சை வண்டி பின்னால் போகாது

இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவன் நான். மலைப்பாதை, அடைமழை, பிரேக் பிடிக்காத இறக்கம் எல்லாம் பார்த்தாயிற்று என்று யார் வீட்டுக்குப் போனாலும், கேட்காவிட்டாலும் சொல்வேன். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது.

சிரிக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் யாருக்குமே அது பழக்கமில்லை. டிப்போ ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. லோடு ஏற்றும் மேடை சந்தின் கடைசியில். வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். ஒரு பக்கச் சுவர் முதலாளி வீட்டுச் சமையலறைச் சுவர். எனக்கு முந்தைய டிரைவர் ஒருவர், முதலாளியின் மாமியார் உள்ளே நின்றுகொண்டிருந்தபோது அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். மாமியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதில் முதலாளிக்குச் சந்தோஷமா வருத்தமா என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார்: இனி டிப்போவில் டிரைவர் எவனும் ரிவர்ஸ் கியரைத் தொடக் கூடாது. அதற்கென்றே ஒருவரை வேலைக்கு வைத்தார். நாங்கள் அவரைப் 'பின்னாடி அண்ணன்' என்று கூப்பிடுவோம்.

சந்து முனையில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைக்காமல், கதவைத் திறந்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். பின்னாடி அண்ணன் வாயில் பல்குச்சியோடு ஏறி, அலுங்காமல் உள்ளே விடுவார். இறங்கிக் கதவைச் சாத்தி, அதை இரண்டு தட்டு தட்டுவார். வேலை முடிந்தது என்று அர்த்தம். சரக்கு இறக்குகிற ஊரில் பெரிய மைதானம் இருந்தது, வட்டமடித்துத் திரும்பிவிடலாம். லைசென்ஸ் எடுத்த அன்று அதிகாரிக்குப் பல்வலி. முன்னால் ஓட்டியதைப் பார்த்தே போதும் என்று அனுப்பிவிட்டார். இப்படியாக என் வாழ்க்கை முழுக்க முன்னேற்றம்தான்.

எங்கள் வண்டிகள் பச்சை, போட்டிக் கம்பெனியின் வண்டிகள் சிவப்பு. அதில் ஒன்றை ஓட்டியவர்தான் என் சம்பந்தி. மகளைக் கொடுக்கும்போது நான் எல்லாவற்றையும் விசாரித்தேன், வண்டியின் நிறத்தை விசாரிக்கவில்லை. அன்று முதல் நாங்கள் சந்தித்தால் வாய்ச்சண்டைதான்.

"சிவப்பு வண்டி மேடு ஏறுறதுக்குள்ள உள்ள இருக்கிற தக்காளி அழுகிடும் சம்பந்தி" என்பேன்.

"பச்சை வண்டி மட்டும் என்ன? ரோட்டுல ஆயில் முதல்ல வரும், வண்டி அப்புறமா வரும்" என்பார் அவர்.

"எங்க வண்டி பின்வாங்கினதே கிடையாது, தெரிஞ்சுக்கோங்க" என்று ஒருமுறை மார்தட்டினேன். பக்கத்தில் நின்ற என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

போன மாதம் பெயின்ட் கடைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். எங்கள் கம்பெனியின் கடைசி லாரி ஒரு கிடங்கின் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததாம். வாங்கி, வருஷக்கணக்கில் பாடுபட்டுப் புதுசாக்கி வைத்திருந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் பார்த்த வண்டியாம். பழைய லாரிகளின் அணிவகுப்பு ஒன்றுக்கு அதைக் கொண்டுபோக ஆசைப்பட்டார்.

"அதுல வேலை பார்த்தவரே ஓட்டினாத்தான் எனக்கு நிறைவா இருக்கும் சார். விசாரிச்சேன். நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

'மிச்சம்' என்பதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் உடனே சரி என்றேன். கம்பெனி மூடியபோது அந்த வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்துப் போனதைச் சந்து முனையில் நின்று பார்த்தவன் நான். அதன்பிறகு ஒரு டயர் கடையில் உட்கார்ந்துவிட்டேன். லைசென்ஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வந்தேன், யாராவது கேட்டால் காட்ட. மகள் கார் வாங்கித் தருகிறேன் என்றபோது, "லாரி ஓட்டினவன் காரைத் தொடுவானா?" என்று கெத்தாக மறுத்தேன். வாங்கினால் வீட்டுக்குள் விட வேண்டுமே! ஆனால் அந்தப் பச்சை வண்டி வேறு. அதில் இன்னொரு தடவை உட்கார்ந்து ஓட்டிவிட வேண்டும். அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பேன், மானத்தைத் தவிர.

"ஞாயித்துக்கிழமை வந்து ஒருதடவை ஓட்டிக் காட்டுங்க. கை விட்டுப் போயிருந்தா தப்பா நினைச்சுக்காதீங்க, வேற டிரைவர் பார்த்துக்கறேன்" என்றார் பெயின்ட் கடைக்காரர்.

அவர் போனதும் மனைவி ஆரம்பித்தாள். "சம்பந்திகிட்ட கேட்டு ரிவர்ஸ் கத்துக்கோங்க."

"அவர்கிட்டயா? அதுக்கு நான் அந்த லாரிக்கு முன்னாடி படுத்துக்குவேன்."

"பின்னாடி படுங்க. நீங்க ஓட்டுற வண்டிக்கு அதுதான் பத்திரமான இடம்."

ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் கடைக்காரரின் ஷெட்டுக்குப் போனால், மகள் சொல்லி, சம்பந்தி எனக்கு முன்பே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஷெட்டுக்குள் லாரி என் விதியைப் போலவே சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் எடுத்தால்தான் வெளியே வரும்.

ஏறினேன். டீசல் வாடை, கைக்குப் பழகிய கியர் குமிழ், இடது பக்கம் கொஞ்சம் பள்ளமான இருக்கை. எல்லாம் அப்படியே இருந்தன. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பேசியது. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, என் கை கால்தான் பொறுப்பு. கை தானாகக் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தது. கால் தானாகக் கீழே இறங்கியது. கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சட்டையில் கையைத் துடைத்தபடி வாசலை நோக்கி நடந்துவிட்டேன். டீக்கடை எந்தப் பக்கம் என்று தேடியபோதுதான் எனக்கு உறைத்தது. பின்னாடி அண்ணன் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"என்ன சார், ஏதாவது பிரச்சினையா?" என்றார் பெயின்ட் கடைக்காரர்.

சட்டையில் மறுபடியும் கையைத் துடைத்தேன். சம்பந்தி என்னைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினையும் திறந்து கிடந்த கதவையும் பார்த்தார். அவர் மீசை லேசாக ஆடியது. தீர்ந்தது என் கதை, இனி சாகும் வரை இதைச் சொல்லியே கொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து பெயின்ட் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சக்கரத்துல பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு கீழ நின்னு பார்க்கணும்னு சொல்லியிருந்தார் சம்பந்தி. நான்தான் மறந்து உட்கார்ந்துட்டேன். நான் வெளிய எடுக்கறேன், நீங்க பாருங்க சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

வண்டி சுவரில் உரசாமல், ஒரே மூச்சில் வெளியே வந்தது. நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். எதைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு நான் ஓட்டினேன். முன்னால் போவதில் என்னை யாரும் அசைத்துக்கொள்ள முடியாது. தெருவைத் தாண்டுவதற்குள் கண் கலங்கி ரோடு மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் சம்பந்தி. எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

"உங்க ஆளுங்க வண்டிய விட்டுட்டு டீ குடிக்கப் போறத எதிர்ல நின்னு எத்தனையோ நாள் பார்த்திருக்கேன்" என்றார். "சோம்பேறிங்கன்னு நினைச்சேன்."

வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். மாமியார், சுவர், பல்குச்சி, இரண்டு தட்டு எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அணிவகுப்பு நாளில், சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து வர, மைதானம் வரை ராஜா மாதிரி ஓட்டிப் போனேன். அங்கே கொடியோடு நின்றவர், வரிசையில் இரண்டு லாரிகளுக்கு நடுவே பின்பக்கமாக விடச் சொன்னார். நியூட்ரல் போட்டு நான் இந்தப் பக்கம் இறங்கினேன். சம்பந்தி அந்தப் பக்கம் ஏற்கெனவே இறங்கியிருந்தார். பானெட்டுக்கு முன்னால் ஒருவரையொருவர் கடந்தோம்.

நான் பின்னால் போய், "வரலாம், வரலாம்" என்று கை காட்டினேன். கேமராவோடு வந்த ஒருவர், "என்ன சார், பாதியில டிரைவரை மாத்திட்டீங்க?" என்றார். பெயின்ட் கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

பிரேக் கதையை மறுபடியும் சொல்லியிருக்கலாம். எனக்கே அலுத்துவிட்டது.

"எனக்கு ரிவர்ஸ் வராதுங்க" என்றேன், கேபின் வரை கேட்கும்படி. "எங்க கம்பெனியில அதுக்குன்னு ஒருத்தர் உண்டு. அவர்தான் இவர்."

பெயின்ட் கடைக்காரர் வாயைப் பிளந்தார். சம்பந்தி இன்ஜினை அணைத்து, இறங்கி, கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், அதை இரண்டு தட்டு தட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைப்பதற்காக அவர் கையைப் பிடித்து டீக்கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"எங்க கம்பெனியா இருந்தா உங்கள கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க சம்பந்தி" என்றார்.

"தெரியும்" என்றேன்.