அவர்கள் பேசாத வரைக்கும்

“இந்த ஒரு அத்தியாயத்துல மட்டும் இவர் மூணு தடவை பெருமூச்சு விடுறார் மா. ரெண்டை எடுத்துடட்டுமா?”

“ஒண்ணை எடு போதும். பாவம், மனுஷன் மூச்சாவது விட்டுக்கட்டும்.”

“விடட்டும் மா, யார் வேண்டாங்கிறா? அடுத்தடுத்த பத்தியில விட்டா ஆஸ்துமான்னு நெனச்சுப்பாங்க.”

காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் தொடங்கும். ‘எங்கள்’ என்பது பழக்கத்தில் வந்துவிடுகிறது. என் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, நான்.

தொலைபேசியில் பேசுகிறவள் என் பிழைதிருத்துநர். என் கைப்பேசியில் அவளை ‘கால்புள்ளி’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். முதன்முதலில் என் கதையை வாங்கிப் பார்த்தவள் இருநூற்றுப் பன்னிரண்டு கால்புள்ளிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “இப்பப் படிங்க, மூச்சு வாங்காது” என்றாள். இதுவரை நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

நான் காதல் கதைகள் எழுதுகிறவள். பதினேழு நாவல்கள். எந்தப் பதிப்பகமும் கேட்கவில்லை, நானும் கேட்டு நிற்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஓர் அத்தியாயம் என்று இணையத்தில் நானே ஏற்றுவேன். கதை முடிந்ததும் சேர்த்து மின்னூலாக்குவேன். அட்டையில் எப்போதும் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். முகம் வைத்தால், “இவள் அவளே இல்லை” என்று வாசகிகள் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள்.

முகம் எனக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. எனக்குக் கதை காதில் விழும். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். “நான் உங்களை வரச் சொல்லவே இல்லையே” என்பாள் ஒருத்தி. “சொல்லாததாலதான் வந்தேன்” என்பான் ஒருவன். கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவனுக்கு மீசை உண்டா, அவள் புடவையா சுடிதாரா என்பதெல்லாம் வாசகிகள் கேட்ட பிறகு யோசித்துச் சேர்ப்பது.

கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரையில் என் எழுத்தை நானே படித்துத் திருத்துவது சிரமமாகிவிட்டது. “அப்ப நான் ஃபோன்ல வாசிக்கிறேன், நீங்க கேளுங்க” என்றாள் கால்புள்ளி. அப்படி வந்ததுதான் பதினொரு மணி. நாயகன் பேசுவதை அவள் வாசிப்பாள். நாயகி பேசுவது எனக்கு மனப்பாடம், அதை நான் சொல்லிவிடுவேன். “உன்னைப் பார்க்காத நாளெல்லாம் நான் வாழ்ந்த கணக்கில் இல்லை” என்பதை மின்கட்டண ரசீதைப் படிப்பதுபோல் படிப்பாள்.

“கொஞ்சம் ஆசையாத்தான் சொல்லேன்டி.”

“எனக்குப் பின்னாடி குக்கர் கத்துது மா. இதுக்கு மேல ஆசை வராது.”

இப்போது எழுதிக்கொண்டிருந்த கதையில் அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், அவள் மருந்துக்கடைக்காரி. அவனுக்கு வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொன்ன பொய்யை நம்பி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே ஒரு கேள்வியில் தீரக்கூடிய சண்டை. காதல் கதைக்கு அப்படிப்பட்ட சண்டைதான் வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் இரண்டு பேரையும் எத்தனை அத்தியாயம் தள்ளித் தள்ளி வைக்கிறோம் என்பதில்தான் எழுதுகிறவளின் சாமர்த்தியம் இருக்கிறது.

முப்பத்துமூன்றாம் அத்தியாயத்தை வாசித்து முடித்த புதன்கிழமை அவள் சொன்னாள்:

“மா, ஒரு விஷயம். எனக்கு ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை கெடைச்சிருக்கு.”

“அட, நல்ல விஷயம்தானே! எப்போ சேரணும்?”

“வர்ற திங்கக்கிழமையே வரச் சொன்னாங்க. கைவேலை ஒண்ணு பாதியில நிக்குது, ஒரு வாரம் குடுங்கன்னு கேட்டிருக்கேன். அதுக்கு அடுத்த திங்கக்கிழமை கட்டாயம் வந்துடணும்னு சொல்லிட்டாங்க. ஒம்பதுலேருந்து அஞ்சு. வந்தா வீடு, பசங்க, மாமியார். அப்புறம் நாம இப்படி வாசிக்க முடியாது.”

“ஆமா, எப்படி முடியும்?”

“இன்னும் எத்தனை அத்தியாயம் மா இருக்கு?”

ஒன்றுதான் இருந்தது. முப்பத்துநான்கோடு முடிவதாகத்தான் கதை. அவன் மருந்துக்கடைக்கு வர வேண்டும், அவள் கேட்க வேண்டும், முடிந்தது.

“நாலு” என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அன்று மாலையே உட்கார்ந்து, கடைக்குக் கிளம்பிய லிஃப்ட்காரனின் கையை உடைத்தேன். மறுநாள் அதற்குக் கட்டுப் போட்டேன். வெள்ளிக்கிழமை அவனை வேறு ஊருக்கு மாற்றினேன். திங்கட்கிழமை முப்பத்தேழாம் அத்தியாயம் வந்தது. நான் சொன்ன நாலும் தீர்ந்துபோனது. அவனும் அவளும் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள்.

“முடியலையே மா?”

“இன்னும் ஒரு ரெண்டு மூணு. இவ்வளவு தூரம் போனவனைத் திருப்பிக் கூட்டிட்டு வர வேண்டாமா?”

“நீங்கதானே மா அனுப்புனீங்க?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற வரைக்கும்தான் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்க முடியும். இதை யாரிடம் சொல்வது?

வாசகிகள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். ‘மேடம், நாங்க கெழவி ஆகுறதுக்குள்ள சேர்த்து வைங்க.’ ‘லிஃப்டுல ரெண்டு பேரும் மாட்டிக்கிற சீன் வருமா வராதா? அதுக்குத்தானே அவரை லிஃப்ட்காரர் ஆக்குனீங்க?’ வெளிநாட்டில் இருக்கும் என் மகன்கூட, வழக்கமாக அனுப்பும் ‘சாப்டியாம்மா’வோடு ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘இன்னுமா அவங்களுக்குக் கல்யாணம் ஆகல? எனக்கே ஆறு மாசத்துல முடிச்சியே!’ கதையைப் படிக்கிறானா என்று கேட்டு எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

புதன்கிழமை முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் லிஃப்ட்காரனுக்குக் காய்ச்சல் வந்தது.

“பதினாலாம் அத்தியாயத்துலயும் இவருக்கு இதே காய்ச்சல்தான் மா. இதே நூத்திமூணு.”

“அப்படியா? நூத்திரெண்டுன்னு மாத்திடு.”

“மாத்திடலாம். ஆனா கையை உடைச்சாச்சு, ஊரை மாத்தியாச்சு, காய்ச்சலும் ரெண்டாவது ரவுண்டு வந்தாச்சு. மிச்சம் என்ன மா இருக்கு அந்த மனுஷன் உடம்புல?”

வியாழக்கிழமை வாசித்தது நாற்பதாம் அத்தியாயம். அதில் அவன் ஒருவழியாக ஊர் திரும்புகிறான். அவன் இறங்கும் அதே நேரத்தில் மருந்துக்கடைக்காரி அக்கா வீட்டுக்கு ரயில் ஏறுகிறாள். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. கால்புள்ளி அடுத்த பத்தியை வாசித்தாள். பாதியில், “ஒரு நிமிஷம் மா, இவர் வந்துட்டார். கதவைத் திறந்துட்டு வர்றேன்” என்று கைப்பேசியை எதன்மேலோ வைத்துவிட்டுப் போனாள். இணைப்பு அப்படியே இருந்தது.

கதவு திறந்தது. ஓர் ஆண்குரல்.

“இன்னுமா முடியல? நாளைக்கு முடிஞ்சிரும்னு போன வாரமே சொன்னே.”

“முடிச்சிருவாங்க.”

“அந்த ஸ்கூல்காரங்க உனக்காகத் திங்கக்கிழமை வரைக்கும்தான் உட்கார்ந்திருப்பாங்க. அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுருவாங்க. அவங்ககிட்ட நேரடியாச் சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிங்க சொல்றது? வேணும்னேதான் இழுக்குறாங்க. எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா உட்கார்ந்து வாசிச்சுட்டு இருக்கே?”

“பேச ஆள் இல்லைங்க அவங்களுக்கு. நான் ஃபோனை எடுத்து வாசிக்க ஆரம்பிக்கிறப்ப தொண்டையைச் செருமுவாங்க பாருங்க, அது அன்னிக்கு அவங்க வாயைத் திறக்குற மொதல் தடவை. கேட்டாலே தெரியும். நாமளா வேண்டாம்னு எப்படிச் சொல்றது? பாவமா இருக்கு.”

“பாவம் பார்த்தா வேலை போயிரும். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

தண்ணீர் ஊற்றும் சத்தம். செருப்பைக் கழற்றி விடும் சத்தம். நாற்பது வருடமாக மற்றவர்கள் பேச்சைக் காதில் வாங்கி எழுதுகிறவள் நான். என்னைப் பற்றி இரண்டு பேர் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. ஒரு திருத்தம் சொல்ல இடமில்லை.

“லைன்ல இருக்கீங்களா மா?”

“இப்பத்தான் வந்தேன். அடுப்பைப் பார்க்கப் போயிருந்தேன்.”

அன்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை.

“சரி மா. எங்க விட்டோம்? ரயில்…”

“அந்த ரயிலை எடுத்துடு. அவ போகலை.”

“போகலையா? அப்ப கடைசி ரெண்டு பக்கம்?”

“அதையும் எடுத்துடு. அவன் ஊர் திரும்புறதோட அத்தியாயத்தை முடி. நாளைக்குக் கடைசி அத்தியாயம்.”

“அவசரம் ஒண்ணும் இல்லை மா” என்றாள்.

“எனக்கு இருக்கு. வாசகிங்க அடிக்க வருவாங்க போல.”

மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். கண்ணீரும் கோபமுமாக ஒரு நீண்ட பேச்சு, அதன்பின் ஒரு மௌனம், அதன்பின் லிஃப்ட் நடுவில் நிற்பது என்று மூன்று நாளைக்கு வைத்திருந்தேன். எதுவும் காதில் விழவில்லை. கேட்டதெல்லாம், ‘பாவமா இருக்கு’ என்ற அந்தக் குரல்தான். கடைசியில் அவனை நேரே கடைக்கு நடக்கவைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வாசித்தாள்.

“‘யாரோ சொன்னதை நம்பிட்டியே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?’”

“‘கேட்டிருக்கணும்’” என்றேன் நான், மருந்துக்கடைக்காரியாக.

“‘இப்பக் கேளு.’”

“‘வேற யாராவது இருக்காங்களா?’”

“‘இல்லை.’”

“‘சரி. கடையைச் சாத்திட்டு வர்றேன், இருங்க.’”

கீழே அடுத்த வரியைத் தேடினாள் போல. அடுத்த வரி இல்லை.

“அவ்வளவுதானா மா?”

“அவ்வளவுதான்.”

“இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே ரெண்டு பேரும். இவ்வளவு நாள் கழிச்சுப் பார்க்கிறாங்க.”

“பேசிக்கிட்டே இருந்தா யார் முடிக்கிறது? எத்தனை பிழை?”

“ஒண்ணுகூட இல்லை” என்றாள். பிறகு, “மா, நான் வேணும்னா ஞாயித்துக்கிழமையில…” என்று இழுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை பசங்களைப் பாரு. திங்கக்கிழமை நேரத்தோட போ. மொதல் நாளே லேட்டாப் போகாதே.”

“அடுத்த கதை எப்ப மா?”

“இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கலை.”

மாலை ஆறு மணிக்கு ஏற்றினேன். ஏழு மணிக்குள் திட்டு வந்துவிட்டது. ‘நாப்பது அத்தியாயம் அழவச்சுட்டு ஆறு வரியில முடிச்சுட்டீங்களே!’ ‘லிஃப்ட் நிக்கவே இல்லையா? ஒரு மாடி ஏறக்கூட இல்லையே!’ ‘மேடம் எழுதினது மாதிரியே இல்லை.’ இரண்டு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம். என் பதினெட்டுக் கதைகளில் இவ்வளவு மோசமாக எதுவும் முடிந்ததில்லை என்று எனக்கே தெரியும். திருத்தி எழுதி மறுபடி ஏற்றலாம். ஏற்றவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் பதினொரு மணிக்கு வானொலியைப் போட்டு வைத்தேன். அதில் பேசுகிறவர்கள் நாம் பதில் சொல்ல இடம் விடுவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால்புள்ளி கூப்பிட்டாள். ஓடிப்போய் எடுத்தேன்.

“மா, எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன். வேலை எப்படி இருக்கு?”

“இருக்கு மா. சர்டிஃபிகேட்ல பேரெல்லாம் சரிபார்க்கணும். அதே வேலைதான், கதை இல்லை, அவ்வளவுதான்.”

“மேசை எங்க? ஜன்னல் பக்கமா?”

“இல்லை மா, பீரோ பக்கம்.”

“ஓ.”

“சாப்டீங்களா?”

“சாப்டேன். நீ?”

“இனிமேத்தான்.”

பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டார்கள். ஒன்றரை வருடம், தினமும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம். ஆனால் அவள் அவனாகவும் நான் அவளாகவும்தான் பேசியிருக்கிறோம். அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம். இவ்வளவு நாள் கழித்து அதைக் கேட்டால் என்ன நினைப்பாள்? லிஃப்ட்காரனாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பான். எனக்கு அடுத்த வரி வரவில்லை. அவளுக்கும் வரவில்லை போல.

“சரி மா, அப்ப வச்சிடட்டுமா?”

“உனக்கு எத்தனை பசங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“ரெண்டு மா” என்றாள். “பெரியவ கூப்பிடுறா. அப்புறம் பேசுறேன்.”

“சரிம்மா” என்றேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தாள்.