சங்கிலியனுக்கு ஒரு தவணை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செத்துப்போன பெரிய மனிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்து மகாராணி 1603இல் போனாள். அக்பர் 1605இல் வயிற்றோட்டத்தில் போனார். இருவருக்கும் பக்கம் பக்கமாக இடம். யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியனைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்; அவனுக்கு அரை வரி. சரி, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

‘கோவாவின் கடற்கரையில் செவ்வானம் இரத்தமாய்…’

[வேண்டாம். நான் கோவாவுக்குப் போனதே இல்லை. ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில், 1986இல் சங்கிலியன் சாகத் தயாரான கதைதான் எனக்குத் தெரியும்.]

2

சிவபாதம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவன். இராசரத்தினம் அண்ணை போட்ட நாடகத்தில் அவன்தான் சங்கிலியன். வசனம் சுமாராகத்தான் வரும். சாவதில் மட்டும் அவன் நிஜமாகவே ராசா. கழுத்தில் தூக்குக்கயிறு விழுந்ததும் கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளி, ஒரு காலை மட்டும் உதறுவான். ஒருநாள் லிஃப்டுக்குள் ஒத்திகை பார்த்தான். ஏற வந்த வெள்ளைக்காரக் கிழவி மாடிப்படியால் போய்விட்டாள்.

வேலையிடத்தில் அவன் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆளில்லை. ஒரு மண்டபம் நிறைந்த சனம் வாய்பிளந்து தன்னைப் பார்க்கப்போகும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே, மாரி முழுக்கப் பனியில் நடந்து ஒத்திகைக்குப் போனான்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: தூக்கா, தலைவெட்டா என்று இரண்டு பேச்சு உண்டு. அண்ணை தூக்கை எடுத்தார். வாள் செய்ய ஆளில்லை. உடுப்புக் காயப்போடும் கயிறு வீட்டுக்கு வீடு இருந்தது.)

3

தடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அவன் மனைவி சந்திரவதனாவுக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை எண்பத்துமூன்று இனக்கலவரத்தின் ஓட்டத்தில் வயிற்றிலேயே போய்விட்டது.

“பிள்ளைத்தாச்சியின்ர புருசன் பாடை காவக்கூடாது எண்டுறவை. நீங்கள் என்னெண்டால் பிரேதமாவே தொங்கப்போறியள்!”

“உது நடிப்பப்பா.”

“வயித்துக்குள்ளை இருக்கிறதுக்கு உது நடிப்பெண்டு தெரியுமே?”

[இந்த இடத்தில் அவளைக் கேலி செய்து ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். அவள் கேள்வியை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன்.]

விஷயம் அண்ணையின் காதுக்குப் போயிற்று. பறங்கிச் சிப்பாயாக நடிக்கும் மட்டக்களப்பு வீரக்குட்டி கலியாணமாகாதவன். கடைசிக் காட்சியில் மட்டும் அவன் சங்கிலியனாகச் சாகட்டும் என்றார் அவர்.

“நான் சாகிறன் அண்ணன், எனக்கென்ன?” என்றான் வீரக்குட்டி. “ஆனா சிவபாதம் அண்ணன் என்ர தோளளவுதான். ராசா திரைக்குப் பின்னால போய் ஒரு முழம் வளந்து வந்தா, மறுகா சனம் சிரிக்கும்.”

சிவபாதத்துக்கு வயிறு எரிந்தது. தன் சாவை இன்னொருவன் சாவதா? வீட்டில், “ஓம், வீரக்குட்டிதான் சாகிறான்” என்றான். அண்ணையிடம், “மனுசி சம்மதிச்சிட்டா” என்றான். இரண்டும் பச்சைப் பொய்.

4

முடிவு அ: அவன் அருமையாகச் சாகிறான். பிள்ளையும் சுகமாகப் பிறக்கிறது. [பிள்ளைக்கு நான் எப்படிப் பிணை நிற்பது?]

முடிவு ஆ: அவன் சாகிறான். பிள்ளை… [இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.]

ஆகவே மண்டபத்துக்கே போவோம். சிப்பாய் வீரக்குட்டி கயிற்றை மாட்டிவிட்டான். சிவபாதம் கண்ணைச் செருகத் தொடங்கினான். செருகும் கண்ணில் முன்வரிசை பட்டது. சந்திரவதனா எழுந்து நின்றாள். கத்தவில்லை. உள்ளே இருப்பதன் கண்ணைப் பொத்துவதுபோல, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கத்துக்கு மேலால் அவள்மீது அன்பு பொங்கியது. நாக்கை உள்ளே இழுத்தான். கயிற்றைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

“சபையோரே, என்ர மனுசிக்கு எட்டாம் மாசம். இண்டைக்குச் சாக ஏலாது. ராசா முந்நூற்றுச் சொச்சம் வருசமாச் செத்துக் கிடக்கிறார். பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு கழியுமட்டும் பொறுக்கமாட்டாரே?”

சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் செத்திருந்தால்கூட அப்படித் தட்டியிருக்கமாட்டார்கள். திரையோரம் அண்ணை தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“டேய், சரித்திரத்துக்கே தவணை போட்டிட்டியே!”

5

முப்பத்தோராம் நாள் பிறப்புத் தீட்டான துடக்குக் கழிந்த பிறகு சங்கிலியன் செத்தானா என்று கேட்பீர்கள். நான்தான் சொல்லவேண்டும். ஆனால் சிவபாதம் இன்னும் மேடையில் கயிறும் கையுமாக நிற்கிறான். வீரக்குட்டியிடம் நீட்டினான், அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னிடம் நீட்டினான். நானும் வாங்கவில்லை.

வேண்டுமென்றால் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இழுப்பதற்கு முன், முன்வரிசையில் சந்திரவதனாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவள் இன்னும் உட்காரவில்லை.